கை குடுத்த எல்லாருக்கும் நன்றி, கூடவே கொஞ்சம் புலம்பல்

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்க படிப்புக்கு நாம வசூல் பண்ணதுக்கான இந்த வருஷ கணக்க நேத்து ராத்திரி தான் முடிச்சோம், மூணு பக்க லிஸ்ட்ல ஒண்ணரை பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் போய்ச் சேந்துடுச்சு. முழுக்க உங்களால தான்.

ஓவர்டைம் காச அப்படியே கொண்டுவந்து குடுத்துட்டு பேர் போடாதீங்கன்னு சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. தூக்கம் முழிச்சு எக்செல்ல ஏத்தின தம்பிக்கு, லீவு நாள்ல மூட்டை தூக்கின பசங்களுக்கு, பழைய சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டி பளபளன்னு குடுத்தவருக்கு (அது இப்போ அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரையும் சுமக்குது). பெரிய தொகை தரேன், ஆனா பிள்ளைங்க பேனர் பிடிச்சு நின்னு போட்டோ எடுக்கணும்னு ஒருத்தர் கேட்டாரு, வேணாம்னுட்டோம், அந்தக் காசுல லிஸ்ட்ல இன்னும் அரை பக்கப் பிள்ளைங்களுக்காவது குடுத்திருக்கலாம். அது சரியா தப்பான்னு எங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓடுது.

உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022ல ஒரு கணக்கு இருக்கு, உலகத்து சொத்துல 76% மேல இருக்குற 10% பேர்கிட்ட, கீழ இருக்குற பாதி ஜனங்ககிட்ட வெறும் 2%. நம்ம உண்டியல்ல விழுந்தது பெரும்பாலும் அந்த ரெண்டு சதவீதத்துலேர்ந்து தான்னு எனக்கு தோணுது.

ஒரு அம்மா ரசீதுல கையெழுத்து போட்டுட்டு, "அடுத்த வருஷமும் வருமா?"ன்னு கேட்டாங்க. பாக்கலாம்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன், வேற என்ன சொல்றது, படிப்பு பன்னெண்டு வருஷம், நம்ம வசூல் ஒரு வருஷம். அமெரிக்காவுல 2021ல குழந்தைங்க இருக்குற வீட்டுக்கான வரிச் சலுகைய பெருசாக்கி, ஆறு மாசம் மாசாமாசம் பணமாவே குடுத்தாங்க, கொரோனா கால உதவி மத்ததும் சேந்து அந்த வருஷம் குழந்தை வறுமை 5.2%க்கு இறங்குச்சு. அதெல்லாம் நின்னதும் 2022ல 12.4%. ஒரே வருஷத்துல பெத்தவங்க எல்லாம் சோம்பேறி ஆகிட்டாங்களா என்ன, பணம் நின்னுச்சு, அவ்ளோதான். அரசாங்கம் கை வச்சா இவ்ளோ இறங்குது, எடுத்தா இவ்ளோ ஏறுது, நாம சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிட்டு இருக்கோம். அதுக்காக ஒட்டாம இருக்கவும் முடியல.

மிச்ச ஒண்ணரை பக்கம் டேபிள்ல கிடக்கு. இந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக்கா போய் "இந்த தடவ இல்ல"ன்னு சொல்லணும், ரெண்டு பேர் கூட வந்தா நல்லாருக்கும். ரசீது வராதவங்க ஒரு மெசேஜ் போடுங்க.