கறுப்பைத் தொடாத பேரன்

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். முழங்காலைப் பற்றிக் கேட்பாய். மாடிப்படி இறங்கும்போது மட்டும்தான் தகராறு. பொங்கல் வாழ்த்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நீ புலம்பியது என் காதுக்கும் எட்டியது. அதற்குரிய திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது ஒரு கவலையினால். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் சிரித்த பிறகு யோசிப்பாய்.

என் மகள் வயிற்றுப் பேரன் செஸ் ஆடுவது உனக்குத் தெரியும். சென்ற மாதம், பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாவட்டப் போட்டிக்கு அவனை நான்தான் அழைத்துச் சென்றேன். வெள்ளைக் காய்கள் கிடைத்த சுற்றுகளில் பயல் புலியாக ஆடினான். கறுப்பு கிடைத்த சுற்றுகளிலோ, எதிரே இருந்த பிள்ளை முதல் சிப்பாயை நகர்த்துவதற்கு முன்பே இவன் முகம் தொங்கிவிட்டது. ராணியையும் பிஷப்பையும் எஃப்7 கட்டத்தின் மீது குறிவைத்து நான்கே நகர்த்தலில் மேட் வைக்கும் பழைய வித்தை இருக்கிறதல்லவா, வீட்டில் கணினிக்கு எதிராக இவன் தினமும் காட்டும் அந்த வித்தையை ஒரு சிறுமி இவனுக்கே காட்டிவிட்டாள். கறுப்பு இவனுக்கு ராசியில்லை என்று என் மகள் தீர்ப்பே எழுதிவிட்டாள். மாப்பிள்ளை ஒருபடி மேலே போய் ஜாதகத்தை எடுக்கலாமா என்கிறார். நான் ஜாதகத்துக்குப் பதிலாக அவனுடைய மடிக்கணினியைத் திறந்தேன். கணினியோடு அவன் ஆடிய ஆட்டங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தும், கறுப்பாக ஆடி முடித்த ஓர் ஆட்டம்கூட என் கண்ணில் படவில்லை.

பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பல செஸ் மென்பொருள்களில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வெள்ளை நமக்கு, கறுப்பு கணினிக்கு என்றுதான் ஆட்டம் தொடங்குகிறது. எந்தப் பக்கம் என்று கேட்கும் மென்பொருளிலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல் வெள்ளை ராஜாவின் மீதுதான் போய் நிற்கும். நம் அலுவலகத்துப் பழைய கணினியில் குனூ செஸ் ஆடியது நினைவிருக்கிறதா? அதில் ‘கோ’ என்று தட்டினால், நகர்த்த வேண்டிய முறை எந்தப் பக்கத்துடையதோ அந்தப் பக்கத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே தட்டினால் நமக்குக் கறுப்பு. நீ அதை ஒருநாளும் தொடக்கத்தில் தட்டியதில்லை. ராணியைப் பறிகொடுத்த பிறகு தட்டி, தோற்கும் பக்கத்தைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, ஜெயித்ததாகக் கையெழுத்துப் போட்ட பேர்வழி நீ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இக்காலத்து செஸ் எந்திரங்கள், அதாவது நகர்த்தலை யோசித்துச் சொல்லும் நிரல்கள், பலவற்றோடு திரையில் பலகையைக் காட்டும் மென்பொருள் பேசும் முறை 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது, யூசிஐ என்பார்கள். அந்த முறையில் எந்திரத்திடம் நீ வெள்ளை, நீ கறுப்பு என்று யாரும் சொல்வதே இல்லை. பலகையின் நிலையைக் கொடுத்து, இதில் நகர்த்த வேண்டியவனுக்காக யோசி என்கிறார்கள். அது யோசித்து ஒரு நகர்த்தலைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே பக்கம் என்பது முழுக்க முழுக்க மனிதனுடைய விவகாரம். பொத்தானை அழுத்தும்போது நாம் பழக்குவதும் கெடுப்பதும் நம்மைத்தான்.

அப்படியானால் வெள்ளைக்கு அனுகூலமே இல்லையா என்று நீ வாதத்துக்கு வருவாய். இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்கள், வெள்ளை நூற்றுக்கு 52 முதல் 56 வரை புள்ளி பெறுகிறது என்கிறார்கள். 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற எந்திரம் ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற இன்னொரு எந்திரத்துடன் 100 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் 28 வென்றதே, அவற்றில் 25 வெள்ளையாக வென்றவை, 3 மட்டுமே கறுப்பாக வென்றவை. 1997இல் நியூயார்க்கில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் டீப் புளூ என்ற கணினியிடம் 19 நகர்த்தல்களில் கைவிட்ட அந்த ஆறாவது ஆட்டத்திலும் அவர் கறுப்புதான். ஆனால் இந்த அனுகூலம் எல்லாம் அந்த உயரத்தில் வேலை செய்வது. நம் பயல் ஆடும் உயரத்தில் முதல் நகர்த்தல் தரும் ஆதாயத்தை ஐந்தாவது நகர்த்தலில் காவு கொடுக்கும் ஒரு குதிரை அழித்துவிடும். அதோடு, குறைந்த நிலையில் வைத்த எந்திரங்கள் பல ஒரே சீராகப் பலவீனமாக ஆடுவதில்லை. நன்றாக ஆடிக்கொண்டே அவ்வப்போது வேண்டுமென்றே சொதப்புகின்றன. வெள்ளையோடு போய் அந்தச் சொதப்பலுக்காகக் காத்திருந்து வென்றுவிட்டு, தான் அந்த நிலையைத் தாண்டிவிட்டதாகப் பிள்ளை நம்புகிறான்.

இழப்பு எங்கே என்றால், முதலில் கண்ணில். கறுப்பின் பக்கம் உட்கார்ந்தால் பலகை தலைகீழாகிறது: இடக்கோடியில் ஹெச் வரிசை, வலக்கோடியில் ஏ வரிசை, ராஜா ராணிக்கு இடப்புறம் நிற்கிறார், சிறிய கோட்டையைக் கட்ட ராஜா வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் போகிறார். உனக்கும் எனக்கும் இது ஒன்றுமே இல்லை. திரையில் எப்போதும் வெள்ளையைக் கீழே வைத்துப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இது வேறு ஊர். போட்டியில் அவன் கோட்டை கட்டத் தயங்கித் தயங்கிக் கையை எடுத்ததை நானே பார்த்தேன். அடுத்தது, எதிராளி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் என்ன செய்வது என்பது. பிரெஞ்சு, காரோ-கான், சிசிலியன் என்று அதற்குக் கறுப்பு ஆடும் தடுப்பு முறைகளின் பெயர்களை எல்லாம் அவன் கடகடவென்று ஒப்பிப்பான். அவற்றை உடைக்க முயன்றிருக்கிறானே தவிர, அவற்றுக்குள் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை.

மூன்றாவது இழப்பைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சுந்தரம். கறுப்பு ஆடுகிறவன் முதலில் அடுத்தவன் என்ன நினைக்கிறான் என்று பார்க்க வேண்டும். தன் திட்டத்தை ஒத்திப்போடவும், பிடிக்காத நிலையில் அரைமணி நேரம் உட்காரவும் வேண்டும். பயலுக்கு அந்தப் பொறுமை பலகையில் மட்டும் இல்லை என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். பள்ளியில் கேள்வித்தாள் தனக்குத் தெரிந்த பாடத்தில் தொடங்காவிட்டால் பேனாவையே கீழே வைத்துவிடுகிறானாம். இதைச் சொல்லும்போது என் மகளின் குரல் தழுதழுத்தது.

அவனுடைய பயிற்சியாளரிடம் பேசினேன். வெள்ளையில் வென்று வென்று தன்னம்பிக்கை வரட்டும், கறுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் போட்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஸ்விஸ் முறையில், அதாவது ஏறத்தாழ சமமான புள்ளி உள்ளவர்களைச் சுற்றுதோறும் மோதவிடும் முறையில், ஒரே நிறம் அடுத்தடுத்து மூன்று முறை வராமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நிறம் மற்றதைவிட இரண்டுக்கு மேல் கூடுவதற்கும் விடமாட்டார்கள். பாதி ஆட்டம் கறுப்பில்தான் என்று விதியே எழுதி வைத்திருக்கும்போது, பாதி ஆட்டத்துக்கான தன்னம்பிக்கையை மட்டும் வளர்த்து என்ன செய்வது?

ராசி பேசிய வீட்டாருக்கு நான் சொன்ன பதில் உனக்குப் பிடிக்கும். 2010இல் சோஃபியாவில் உலகப் பட்டத்துக்கான போட்டியில் டோபலோவுக்கு எதிராகப் பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம்; புள்ளி சமம்; ஆனந்துக்குக் கறுப்பு. டோபலோவ் சமநிலையை விரும்பாமல் முண்டினார், ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் அதே பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம், மீண்டும் புள்ளி சமம், குகேஷுக்குக் கறுப்பு. டிங் லிரன் எப்படியாவது டிரா ஆக்கிவிட வேண்டும் என்று காய்களை மாற்றிக்கொண்டே போனார். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் தவறாக யானையை எஃப்2இல் வைத்தார், முடிந்தது; பட்டம் குகேஷுக்கு. இரண்டு சென்னைக்காரர்கள், இரண்டு கடைசி ஆட்டங்கள், இரண்டிலும் கறுப்பு. மாப்பிள்ளை அன்று முதல் ஜாதகப் பேச்சை எடுக்கவில்லை. பயல் மட்டும், அவர்கள் பெரியவர்கள் தாத்தா, என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சீட்டுக் குலுக்குவது போல் நிறம் வரட்டும் என்று விட்டுப் பார்த்தேன். லிச்செஸ் என்ற இணையதளத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பொத்தான் இருக்கிறது. பயல் அதைச் சமர்த்தாக அழுத்துவான்; கறுப்பு வந்தால் ஆட்டத்தை மூடிவிட்டுத் திரும்ப அழுத்துவான், வெள்ளை வரும்வரை. ஆகவே குலுக்கல் இவனுக்கு மருந்தாகாது. க்னோம் செஸ் என்ற மென்பொருளில் நிறத்தை மாற்றி மாற்றி ஆடும் தேர்வு உண்டு; அது பரவாயில்லை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது எந்திரங்கள் தமக்குள் மோதும் டிசெக் போட்டியின் வழி: ஒரே தொடக்கத்தைக் கொடுத்து, பக்கத்தை மாற்றி இரண்டு முறை ஆட விடுகிறார்கள், யாரும் நிறத்தின் மீது பழி போட முடியாது. இப்போது நாங்கள் இருவரும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படித்தான் ஆடுகிறோம். அவன் வெள்ளையில் என்னை வென்ற அதே நிலையை வைத்து, இப்போது நீ கறுப்பு என்கிறேன். முறைக்கிறான், ஆனால் உட்காருகிறான். நேற்று பிரெஞ்சுத் தடுப்பில் தன் பிஷப் வெளியே வர வழியில்லாமல் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்து, இது அநியாயம் என்று சண்டைக்கு வந்தான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அநியாயம் என்று சொல்லுமளவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டானே.

எனக்குத்தான் அவனுக்கு ஈடு கொடுக்கும் ஆட்டம் இனி அதிக நாள் இருக்காது. ஆதலால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நீ அவனோடு இணையத்தில் ஆட வேண்டும். கணக்குத் தொடங்குவது எப்படி என்று உன் மருமகளிடம் கேள். வெள்ளையை நீயே எடுத்துக்கொள், நிறம் தேர்ந்தெடுக்கக் காயை மறைத்துக் கையை மூடி நீட்டும் உன் பழைய நாடகமெல்லாம் வேண்டாம், தோற்கும் தறுவாயில் ‘கோ’வும் கிடையாது. நேரம் இருபது நிமிடம் வை. அதைவிடக் குறைந்தால் அவசரப்படுவான். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதே, கண்டுபிடித்துவிடுவான். வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு முடியுமா என்று மட்டும் ஒரு வரி எழுது. மற்றவற்றை உன் கடிதம் கண்டபின் எழுதுகிறேன். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ராமு