வாழைக்காய்னா பஜ்ஜியும் சிப்ஸும் மட்டும்தானா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

மும்பை மாட்டுங்கால இருந்து எழுதறேன். இங்க மார்க்கெட்ல வாழைக்காய், நேந்திரம்பழம், வாழை இலை எல்லாமே கிடைக்குது, ஆனா நம்ம ஆளுங்க வீட்டுல வாழைக்காய்னா பஜ்ஜி, சிப்ஸ், இல்லேன்னா எண்ணெய் மிதக்கற ரோஸ்ட், அதுக்கு மேல யாரும் யோசிக்கறதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

எங்க அம்மாவுக்கு சுகர் வந்த அப்புறம் நான் பொரிக்கறதையே விட்டுட்டேன். காயை தோலோட குறுக்கால ரெண்டா வெட்டி இட்லி பானைல ஆவில வேக வெச்சு (குழைய விடக்கூடாது), ஆறினதும் தோல் உரிச்சு துருவி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், இஞ்சி, பச்சமிளகா தாளிச்சு பெரட்டி, அடுப்ப அணைச்சிட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொடிமாஸ் ரெடி. நாலு பேருக்கு அந்த எண்ணெய் தாராளம். தண்ணில முக்கி வேக வெச்சு வடிச்சா பொட்டாசியம் கொஞ்சம் அதோடயே போயிடும், ஆவில அவ்வளவு போகாது. கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

காய்ல இருக்கற மாவுச்சத்து பழுக்கப் பழுக்க சர்க்கரையா மாறிடும், அதனால நேந்திரம்பழத்துக்கு வெல்லம், சர்க்கரை எதுவுமே வேண்டாம். தோலோட ஆவில வெச்சு, தோல் வெடிச்சதும் எடுத்து, ஏலக்காய்ப் பொடி லேசா தூவி குழந்தைங்களுக்கு சாயங்காலம் குடுங்க. அம்மாவுக்கு கால் பழம்தான் குடுப்பேன், அதுவும் சோறு குறைச்ச அன்னிக்கு.

உங்க சமையல் பகுதில இந்த மாதிரி ஆவில வேகற ஐட்டமும் வாராவாரம் ஒண்ணாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை