அந்த ஆரஞ்சு மாத்திரையைப் பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள முருகனுக்கு அப்பா எழுதுவது.

நேற்றிரவு வீடியோவில் நீ பேசிக்கொண்டிருந்தபோது, உன் மேசைமேல் இருந்த தம்ளரில் ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரை ஒன்று நுரைத்துக் கரைவதைக் கண்டேன். பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒன்றரை ஆண்டு, ஒருநாள் தவறாமல், நானும் அதைத்தான் குடித்தேன்.

சென்ற மாசியில் எனக்கு வந்தது வாயுப்பிடிப்பு என்று உன்னிடம் சொன்னோம். அது உண்மையன்று, நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அஞ்சி, அம்மாதான் மறைக்கச் சொன்னாள். வந்தது சிறுநீரகக் கல்லடைப்பு. விலாவில் தொடங்கி அடிவயிறுவரை இறங்கிய வலியில், உட்காரவும் படுக்கவும் முடியாமல், விடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் சிறுநீரை வடிகட்டிய டீ வடிகட்டியில் விழுந்த கல் ஒரு கேழ்வரகு மணியைவிடச் சற்றே பெரிது. ஆனால் நெருஞ்சி முள்ளைப்போல் எல்லாப் பக்கமும் கூர்மை. பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் ஆக்சலேட் என்னும் கழிவுப்பொருளும் சேர்ந்த கல், என்று வந்தது.

உடலுக்கு மிஞ்சிய வைட்டமின் சியில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. அங்கே கால்சியத்தோடு சேர்ந்தால் கல்லாகிறது. நமக்கு நாளொன்றுக்குத் தேவை 80 மில்லிகிராம் அளவுதான். நான் குடித்த மாத்திரை ஒன்றில் இருந்ததோ 1000. சுவீடனில் 23,000க்கும் மேற்பட்ட ஆண்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரையை வழக்கமாக எடுத்தவர்களுக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மாத்திரையே காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் தகப்பனுக்குக் கல் வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். நீயோ அபுதாபி வெயிலில் நாள் முழுவதும் வேர்த்து, சிறுநீர் சுண்டும்படி வேலை செய்கிறவன். ஆகவே அதை இன்றே நிறுத்து.

கல்லில் கால்சியம் உண்டென்று பாலையும் மோரையும் விட்டுவிடாதே. உணவோடு சேர்ந்து போகும் கால்சியம், உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடி. எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் இன்னும் நல்லது. ஒரு கொய்யாப்பழமே உன் ஒருநாள் வைட்டமின் சி தேவைக்குத் தாராளம்.

உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும் என்பதால், அம்மா இம்முறை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பவில்லை, வருத்தப்படாதே. அந்த டப்பாவில் வைட்டமின் சி, டி, கால்சியம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அவரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா