வேலிக்கு வெளியே நிற்கிறோம், சரி; எங்கே நிற்பது என்றும் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். வசந்த கால பேஸ்பால், சாஃப்ட்பால் போட்டிகளுக்கு முன் மைதானங்களைச் சரிபார்க்கும்போது உங்கள் பட்டியலில் இன்னும் ஒன்றை, படம் எடுப்பவர்கள் நிற்க ஒரு இடத்தை, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. எடிசனிலும் பிஸ்காடவேயிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும் பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போய், கையில் கேமராவோடு வேலியோரம் நிற்கிற நம் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படித்துவிட்டு, பள்ளி அணிகளுக்கு உதவும் பெற்றோர் குழுவான பூஸ்டர் கிளப் கூட்டத்தில் வாய் திறந்து கேட்க வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பவர்களை ஆட்டப் பரப்புக்குள் விடக் கூடாது என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அது நல்ல விதி. தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் விதிப்புத்தகம், ஆட்டத்தின்போது மைதானத்தில் இருக்கலாம் என்று அனுமதிக்கிறவர்களில் சீருடை அணிந்த காவலர்களோடு, உள்ளூர் அணி அனுமதித்த பத்திரிகைப் புகைப்படக்காரர்களையும் சேர்த்திருக்கிறது. அங்கே அவர்கள் தற்செயலாகப் பந்துக்குக் குறுக்கே வந்துவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பள்ளி ஆட்டத்தில் அப்படிக் கிடையாது. பள்ளி விளையாட்டுகளுக்கென்று நீங்கள் பின்பற்றும் தேசியக் கூட்டமைப்பின் (NFHS) விதிப்படி பந்து உயிரோடு இருக்கும், அதாவது ஆட்டம் நடக்கும், பரப்புக்குள் கேமராவுக்கு இடமே இல்லை. படக்காரர்களுக்கு இடம் கொடுப்பதென்றால், உள்ளூர் அணி ஆட்டம் தொடங்கும் முன்பே அதைக் குறித்துவிட வேண்டும். அந்த இடம் ஆட்டத்துக்கு வெளியே உள்ள பரப்பாகக் கணக்காகும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கண்டிப்பு ஏன் என்று சட்டென்று புரிவதில்லை. சேப்பாக்கத்தில் படக்காரர்கள் எல்லைக் கயிற்றுக்கு அப்பால், விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே அறுபது எழுபது மீட்டர் கிடக்கிறது. பேஸ்பாலில் மைதானம் கால் வட்டம். வீரர்கள் உட்காரும் டக்அவுட், பெஞ்ச், வேலி எல்லாம் பேட்டரின் பக்கத்தில். ஆட்டக் கோடுகளுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து எந்தப் பக்கமும் பறக்கும். அது ஆட்டத்தின் தவறு அல்ல, ஒவ்வொரு இன்னிங்ஸிலும் நடக்கிற சாதாரண விஷயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 132 அடி ஓடுகிறது. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 90 அடி தள்ளி நிற்பவரிடம், காற்றின் தடையை விட்டுவிட்டால், முக்கால் நொடிக்கும் குறைவாகவே வந்து சேரும். அந்த நேரத்தில் படக்காரரின் ஒரு கண் வியூஃபைண்டரில் இருக்கிறது, மற்றது பெரும்பாலும் மூடியிருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுவது அகலவாக்கில் சுமார் 10 டிகிரி. மீதி உலகம் அவருக்குக் கிடையாது. 2007 ஜூலையில் ஆர்கன்சாவில் நடந்த ஒரு மைனர் லீக் ஆட்டத்தில் ஓடுபவர் முதலில் தொட வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸ் அருகே நின்று வழிகாட்டும் கோச் மைக் கூல்பா, நேராகப் பாய்ந்து வந்த பந்து பட்டு இறந்தார். முன்னாள் மேஜர் லீக் வீரர்; பந்தைப் பார்ப்பதே தொழிலாக இருந்தவர். அடுத்த ஆண்டே மேஜர் லீக்கில் பேஸ் கோச்சுகளும் ஹெல்மெட் போட ஆரம்பித்தார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால் கேமராவுக்குள் கண்ணை வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வெளியே நிற்கிறோம், சரி. என் வழக்கு விதியின் மறுபாதியைப் பற்றியது. ‘உள்ளே வராதே’ என்பதை எல்லாப் பள்ளிகளும் செய்கின்றன. ‘இங்கே நில்’ என்பதை மிகச் சில பள்ளிகளே சொல்கின்றன. இடம் குறிப்பது கட்டாயம் இல்லை என்பதால் பலர் குறிப்பதே இல்லை. அப்புறம் என்ன ஆகிறது? டக்அவுட்டின் கடைசியில் கதவு திறந்திருக்கும் சந்தில் ஒருவர் நிற்பார். இன்னொருவர், பந்தெறியும் பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் புல்பென் பக்கம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு இன்னிங்ஸ் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்றாவதில் ஒரு பந்து அந்தப் பக்கம் வரும். அம்பயர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து வெளியே போகச் சொல்வார். ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது. உள்ளூர் கோச், “எப்பவும் அங்கதான் நிப்பாங்க” என்றார். அம்பயர், “ஆட்டத்துக்கு முன்னாடி யாரும் எங்கிட்ட சொல்லலையே” என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். இரண்டு அணிப் பிள்ளைகளும் வெயிலில் கைகட்டி நிற்க, பெரியவர்கள் கேமரா எங்கே நிற்பது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எல்லைக் கோடு எங்கே என்பது படக்காரரின் பாதுகாப்போடு முடிகிற சங்கதி அல்ல, ஸ்கோரையே மாற்றக்கூடியது. இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருக்கும்போது ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் ஃபவுல் பந்தைத் துரத்திப் பிடித்துவிட்டு, ஓடிய வேகத்தில் இரண்டு காலையும் எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டால் ரன்னர்கள் எல்லாரும் ஒரு பேஸ் முன்னேறலாம். தேர்ட் பேஸில் ஒருவர் நின்றிருந்தால் அது ஒரு ரன். வேலி, கயிறு, சுண்ணாம்புக் கோடு, ஆட்டத்துக்கு முன் பேசி வைத்த கற்பனைக் கோடு எல்லாமே எல்லைதான் என்கிறது விதி. கற்பனைக் கோட்டை அம்பயர் ஒரு இடத்திலும் கோச் ஒரு இடத்திலும் கற்பனை செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எந்த இடம் வேண்டும் என்றும் நாங்கள் சொல்ல வேண்டும் அல்லவா. பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை நான்கு மணியை ஒட்டித் தொடங்குகின்றன. பேட்டரின் கண்ணில் மாலை வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காக ஹோம் பிளேட்டை மேற்கிலும் பிட்சரைக் கிழக்கிலும் வைத்து மைதானம் அமைப்பது பழைய வழக்கம். அப்படி அமைந்த மைதானத்தில் மாலை வெளிச்சம் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரும். வலக்கை பேட்டரின் முகமும் மார்பும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும். தொப்பி நிழலுக்குக் கீழே கண் தெரிகிற படம் அங்கிருந்து கிடைக்கிற மாதிரி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் அவசரத்தில் எறியும் பந்து ஃபர்ஸ்ட் பேஸ்காரரின் கையுறைக்கு எட்டாமல் போனால் நேராக வந்து விழுவதும் அங்கேதான். நல்ல வெளிச்சமும் கெட்ட எறியும் ஒரே மூலையில் சேர்கின்றன. அதனால்தான் அந்த மூலையைப் படக்காரர் விருப்பத்துக்கு விடாமல் நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். வேலிக்குப் பின்னால், டக்அவுட்டின் வெளி முனையை ஒட்டி, ஒரு இடம். அது போதும்.

“வேலிக்குப் பின்னால் எவ்வளவோ இடம் இருக்கிறதே, யார் தடுத்தார்கள்?” என்று கேட்கலாம். வேலிதான் தடுக்கிறது. பள்ளி மைதானங்களில் உள்ள கம்பிவலையின் கண் சுமார் இரண்டு அங்குலம். நல்ல 70-200 லென்ஸின் முகப்பு 77 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். எப்படி வைத்தாலும் ஒரு கம்பி குறுக்கே வந்தே தீரும். லென்ஸை வலையோடு ஒட்டிவைத்து அபெர்ச்சரை 2.8க்குத் திறந்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த உபாயம். கறுப்புப் பூச்சுள்ள வலையில் அது ஓரளவு பலிக்கும். துத்தநாகம் பூசிய வெள்ளி நிற வலையில், அதுவும் வெயில் அதன் மேல் விழும் நேரத்தில், படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும். ஓடுபவரைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பினால் லென்ஸ் வலையில் இடிக்கும். ஃபோகஸ் ஆட்டக்காரரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

கல்லூரி மைதானங்கள் பலவற்றில் இதற்கு எளிய தீர்வு வைத்திருக்கிறார்கள். வேலியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அவ்வளவுதான். ஆனால் அதிலும் கவனம் வேண்டும். லென்ஸின் முன்மறைப்பு போய்வர ஐந்தாறு அங்குலமாவது வேண்டும். பேஸ்பாலின் விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சாஃப்ட்பாலின் விட்டம் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக லென்ஸ் நுழையும் துளையில் பந்தும் நுழையும். எனவே துளைக்கு ஒரு கீல் வைத்த வலைக் கதவு வேண்டும், கேமரா இல்லாத நேரம் அது மூடியிருக்க வேண்டும். வெட்டின கம்பி முனைகள் யார் கையையும் கிழிக்காதபடி சுற்றிலும் சட்டம் அடிக்க வேண்டும். ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் துளை கூடவே கூடாது. நின்று படம் எடுப்பவருக்கு ஒன்று, முழங்காலிட்டு எடுப்பவருக்குத் தாழ்வாக ஒன்று என இரண்டு இருந்தால் உத்தமம்.

இனி சாஃப்ட்பால். என் உண்மையான மனக்குறை இங்கேதான்.

நான் போய்வந்த பள்ளிகளில் பேஸ்பால் மைதானத்தில் துளையோ, சுண்ணாம்புக் கட்டமோ ஏதாவது இருந்தாலும் அடுத்த மைதானத்தில், பெண்கள் ஆடும் இடத்தில், ஒன்றும் இருப்பதில்லை. “சாஃப்ட்பால்தானே, பந்து பெரிசு, மெதுவாக வரும்” என்று சிரித்தபடி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்து பெரிசுதான், எடையும் கூடுதல். மைதானமோ சின்னது. பேஸ்களுக்கு நடுவே 90 அடிக்குப் பதில் 60 அடி. பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத்தில் அல்ல, 43 அடியில். மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் ஃபவுல் பந்து நொடிக்கு 102 அடிக்கு மேல் ஓடும். 60 அடி தள்ளி நிற்பவரிடம் அது அரை நொடிக்குச் சற்று மேலாக வந்துவிடும். மேலே பேஸ்பாலுக்குப் போட்ட கணக்கைவிட இது குறைந்த நேரம். இடம் குறிப்பது எங்கே அதிக அவசரம் என்று நீங்களே பாருங்கள்.

பாதுகாப்பை ஒதுக்கிவைத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின்கீழ் விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட விதிமுறை, ஆண் பெண் இருபாலருக்கும் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அம்சங்களை வரிசைப்படுத்துகிறது. ஆடும் இடத்தின் வசதி அதில் ஒன்று. விளம்பரப்படுத்தலும் அதில் உண்டு. பேஸ்பால் பையன்களின் படங்கள் பள்ளித் தாழ்வாரத்திலும் இணையப் பக்கத்திலும் பளிச்சென்று இருக்க, சாஃப்ட்பால் பெண்களின் படங்கள் எல்லாம் கம்பிக்குப் பின்னால் மங்கலாக இருந்தால், அது கேமராக்காரரின் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. நான் வழக்குப் போடப் போவதில்லை. உங்கள் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள் என்கிறேன், அவ்வளவே.

இப்போது படம் எடுப்பது யார் என்பதையும் யோசியுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரர் வருவது அருகிப்போய்விட்டது. நியூ ஜெர்சியின் பெரிய நாளிதழான ஸ்டார் லெட்ஜரே 2025 பிப்ரவரியில் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பது என்னைப் போன்ற பெற்றோரும், இயர்புக் எனும் பள்ளி ஆண்டு மலர் வேலைக்காகப் பள்ளிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளும்தான். பெற்றோராவது வாதாடுவார்கள். அந்தப் பிள்ளைகள் யார் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார்கள். பேட் பொறுக்க வரும் மாணவர் உள்ளே கால் வைத்தாலே ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது உங்கள் விதி. அதே வயதுப் பிள்ளை கேமராவோடு வந்தால் எதுவும் சொல்லப்படுவதில்லை. திறப்புள்ள இடத்தில் மாணவர் படம் எடுப்பதானால் ஹெல்மெட் கொடுங்கள். பக்கத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்கட்டும். “வருது!” என்று கத்துவதுதான் அவர் வேலை.

எங்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும், அதை மறைக்கவில்லை. ஃபிளாஷ் கூடாது. கேமராவைத் தாங்கும் ஒற்றைக் கால் மோனோபாட் கோட்டைத் தாண்டக் கூடாது. கீழே இறக்கிவைத்த பையைச் சந்தில் விடக் கூடாது, ஓடிவரும் கேட்சர் அதில் தடுக்கி விழுவார். அம்பயர் போகச் சொன்னால் போக வேண்டும். பேச்சு ஆட்டம் முடிந்த பிறகு. இதையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டு, படம் எடுக்க வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிடுங்கள். நம் ஆட்கள் மகிழ்ச்சியாகவே போடுவார்கள். அட்டை மாட்டினால் ஒரு கெத்துதானே.

உங்களிடம் கேட்பது பெரிய செலவல்ல. ஒவ்வொரு மைதானத்திலும் வேலிக்கு வெளியே ஒரு இடத்தைக் குறியுங்கள். அங்கே கதவு வைத்த துளை ஒன்று போடுங்கள். அது முடியாத மைதானத்தில் டக்அவுட்டை ஒட்டித் தடுப்பு வைத்து, சுண்ணாம்பில் கட்டம் போடுங்கள். ஹோம் பிளேட்டில் இரு கோச்சுகளும் அம்பயரும் கூடி மைதான விதிகளைப் பேசும்போது, “படக்காரர் இடம் அதோ” என்று உங்கள் கோச் கையை நீட்டிச் சொல்லட்டும். எதிரணியோடு வரும் படக்காரருக்கும் அதே இடம், அதே உரிமை. துளை போட இந்த ஆண்டு ஒரு மைதானத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சாஃப்ட்பால் மைதானத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
சாஃப்ட்பால் ஆடும் மகளின் அப்பா,
மிடில்செக்ஸ் கவுண்டி, நியூ ஜெர்சி