மகனுக்கு, டேவிட் விஷயமாக

தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இங்கே பலெர்மோவில் எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலியும் முந்தியைப்போல இல்லை. ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடுகிற அந்த ஜியோகேச் விளையாட்டில், எண் போட்ட தகட்டைக் கட்டிப் பெட்டிக்குப் பெட்டி போக நீ விட்ட உன் குட்டி டேவிட் சிலையைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். இணையத்தில் அதனுடைய பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன், பளிங்குக்கல் வெட்டுகிற கராராவில் அந்த ஜெர்மன் தம்பதி பெட்டிக்குள்ளிருந்து எடுத்தோம் என்று எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. எடுத்தவர்கள் இன்னொரு ஜியோகேச் பெட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வைத்ததும் எழுத வேண்டும், அதுதான் முறை என்று நீதானே சொன்னாய். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எங்கே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதானே கேட்கிறோம்.

நீ தந்துவிட்டுப் போன இரண்டாவது தகடு சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிறது. முதுகில் கறுப்புக் கோடுகள் போட்ட அந்தப் பூச்சியும் எண்ணும் அப்படியே தேயாமல் இருக்கின்றன. அந்த எண் தெரிந்தால் பொருளைக் கண்ணால் காணாதவன்கூடப் பார்த்தேன் என்று பதிந்துவிடுவான், யாருக்கும் காட்டாதே என்றாய். தங்கச்சி படம் எடுக்கக் கேட்டதற்கும் நான் விடவில்லை. ஆனால் மற்றத் தகட்டோடு சேர்த்து நீ கட்டிவிட்ட சிலையின் படத்தை நான் வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவிடம் காட்டினேன். விரல் நீளம் உள்ள ஒரு டேவிட், அதை நீயே வார்த்தாய், தொங்கவிட்ட வலது கையில் நரம்பு ஓடுவதுகூடத் தெரிகிறது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் மகன் செய்தது என்று சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா?

புளோரன்ஸில் அக்காதேமியா மியூசியத்தில் மிக்கேலாஞ்சலோ செய்த உண்மையான டேவிட் சிலைக்கு முன்னால் என்னை நிறுத்தி இடது கையைக் காட்டினாயே, அது எனக்கு நல்ல நினைவு. 1527இல் கலவரத்தில் மேலேயிருந்து எறிந்த, உட்காருகிற வாங்கு பட்டுக் கை மூன்று துண்டாக விழுந்தது, பிறகு ஓவியரான வசாரியும் அவருடைய சிநேகிதன் சால்வியாத்தியும் சின்னப் பெடியங்களாக இருந்தபோது ஓடிப்போய் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார்கள், பிறகுதான் ஒட்டினார்கள் என்று ஒட்டு இருக்கிற இடத்தையே விரலால் காட்டிச் சொன்னாய். 1991இல் ஒருவன் சுத்தியலோடு வந்து கால்விரலை உடைத்ததையும் சொன்னாய். எனக்குக் கால் உளைந்தது, நீ நிறுத்தவில்லை. அப்படிக் கதைத்த பிள்ளை இப்போது போனில் “ஓம் அம்மா, சரி அம்மா” என்று வைத்துவிடுகிறாய். அதுவும் நாங்கள் எடுத்தால்தான்.

அந்தச் சிலையைக் கொத்திய கல்லின் கதைதான் அடிக்கடி மனதில் வருகிறது. 1464இல் ஒருவர் கொத்தத் தொடங்கி விட்டுவிட்டார், 1476இல் இன்னொருவர் கையை வைத்துவிட்டுப் போனார், அப்புறம் 25 வருடம் தேவாலய வேலைத்தளத்து முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பழுதாக்கிய கல் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் அதை உடைத்துப் போடவில்லை. 1501இல் மிக்கேலாஞ்சலோ உளியை வைத்தபோது அவருக்கு 26 வயது. உன் வயது. மூன்று வருடத்தில் 5.17 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நின்றது. சும்மா நினைவு வந்தது, எழுதினேன்.

தங்கச்சி உன்னிடம் வந்துவிட்டுப் போனாளே, மெலிந்துவிட்டாய் என்றாள், அறையில் சூடு இல்லை என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிக்கேலாஞ்சலோவின் தகப்பன் லொதோவிக்கோவுக்கும் இப்படித்தான், ரோமில் மகன் வயிற்றைக் கட்டி வாழ்கிறான் என்று தம்பிக்காரன் போய்ப் பார்த்துவந்து சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. 1500 டிசம்பரில் கடிதம் எழுதினார், தலையைச் சூடாக வைத்திரு, உடம்பைத் தேய்த்துவிடச் சொல், ஆனால் குளிக்காதே என்று. குளிக்காதே என்றது பிழை, மற்றதெல்லாம் நானும் சொல்வதுதான். தலையைச் சூடாக வைத்திரு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. பாணை மட்டும் கடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு நேரமாவது சோறு சாப்பிடு. அந்தத் தகப்பன் மகன் சின்னதில் கீறினான் என்று அடித்தவர், கல் கொத்துவது குடும்பத்துக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தவர். உன் அப்பா ஒருநாளும் அப்படி இல்லை. நீ சுவரில் கீறியதைப் பூசாமல் விட்டவர். அதனால் அவரிடம் நீ எதையும் சொல்லலாம்.

போன ஞாயிறு மலையேறி புனித சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் போனோம், மெழுகுதிரி கொளுத்தினோம். இறங்கி வரும்போது, பெட்டி இருக்கிறது என்று நீ ஒருமுறை காட்டின சுவரடியில் அப்பா குனிந்து கல்லை விலக்கிப் பார்த்தார். பெட்டி இருந்தது, உள்ளே நனைந்த குறிப்புப் புத்தகமும் பென்சிலும். கராராவில் எடுத்தது இங்கே எப்படியப்பா வரும் என்றேன். யாராவது கொண்டுவந்து போட்டிருந்தால், என்றார். புத்தகத்தில் உன் பெயர் இருக்கிறதா என்றும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அந்த முழங்காலோடு.

காணாமல் போனது என்று நீ அதை இப்போதே குறித்துவிடாதே. குறித்தாலும் கண்டெடுத்தவர் திரும்பப் பதியலாம் என்கிறாய், தெரியும், ஆனால் அந்தச் சொல் பக்கத்தில் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது. அந்த ஜெர்மன்காரருக்கு நீயே ஒரு செய்தி அனுப்பு, கோபமாக எழுதாதே, அவர்களுக்கும் என்ன சங்கடமோ. கராராவைப் பார்த்துவிட்டுத் திரும்பி புளோரன்ஸுக்கு வரவேண்டும் என்றுதானே டேவிட்டுக்கு நோக்கம் எழுதினாய். பாதி நடந்துவிட்டது.

இன்னொரு விஷயம். இந்த வருடப் படிப்புக் கட்டணம் எவ்வளவு என்று நீ இன்னும் எழுதவில்லை. அப்பா காசை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். கட்டணத்துக்கு வேண்டாம் என்றாலும் அது உன் காசுதான், அறைவாடகைக்கு எடு, ஹீற்றர் வாங்கு, ஏன் எதற்கு என்று நாங்கள் கேட்கமாட்டோம். தொப்பி போடு. வியாழன் புளோரன்ஸுக்கு வருகிற பெடியனிடம் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு இரவே திரும்ப வேண்டும், காக்க வைக்காமல் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கு. வாங்கினதும் போன் எடு, அப்பா முழித்திருப்பார்.

அம்மா