நட்சத்திர அட்டை வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. பெரியவள் இப்போது தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்று நீ போனில் சொன்னதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதோடு இன்னும் இரண்டு சொன்னாய். இனி இரவில் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை என்றாய். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம், நட்சத்திரங்கள் சேர்ந்தால் பரிசு என்று சுவரில் அட்டை ஒட்டப் போவதாகவும் சொன்னாய். இரண்டுமே வேண்டாம் என்பது என் எண்ணம். காரணத்தைப் போனில் நிதானமாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். எல்லாருமே படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகள். அவர்களில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். பிறகு கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் தாமாக வரைய உட்காரும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. முன்பே பேசிய பேரம்தான் ஆசையைக் கெடுத்திருக்கிறது. நம் பெரியவளுக்குப் புத்தகம் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. பிடித்த வேலைக்குக் கூலி எதற்கு? நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடுமுறை வாசிப்புப் போட்டி என்று அறிவித்தால் மெல்லிய புத்தகங்கள் இருக்கும் அடுக்குதான் முதலில் காலியாகும்.

சரி, படித்துக் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். பேச்சு பிள்ளைக்குக் கேட்டுக் கேட்டே வந்துவிடும். எழுத்து அப்படி வராது. மனிதர்கள் எழுத ஆரம்பித்தே ஐயாயிரம் வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் உள்ள பகுதிகளை ஒவ்வொரு பிள்ளையும் தானே புதிதாக இணைத்துக்கொள்ள வேண்டும். அது முடியும்வரை எழுத்தைக் கூட்டவே தெம்பெல்லாம் போய்விடும். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். ஆகவே ஏழு வயதில் அவளே படிக்கக்கூடிய கதை சின்னதாகத்தான் இருக்கும். காதால் கேட்டால் அதைவிடப் பெரிய கதை, சிக்கலான மனிதர்கள் எல்லாம் அவளுக்குப் புரியும். நீ இப்போது நிறுத்திவிட்டால் புத்தகம் என்றாலே சின்னக் கதையும் நிறையச் சிரமமும் என்று ஆகிவிடும். எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நழுவிப் போகிறார்கள்.

தமிழில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நாம் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி, புத்தகத்தில் இருப்பது வேறு மாதிரி. அந்த எழுத்துநடையைப் பிள்ளை முதலில் காதால் கேட்டுப் பழக வேண்டும். பழகிய வாக்கியம் கண்ணில் படும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

அதனால் நீளமான கதையாக எடுத்து, தினம் ஓர் அத்தியாயம் படி. அடுத்து என்ன ஆகும் என்று அவள் தவிக்கிற இடத்தில் நிறுத்தினால், மறுநாள் அவளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். கதை முடிந்ததும் பரீட்சை மாதிரி கேள்வி கேட்காதே. அவன் ஏன் பொய் சொன்னான், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். அவளே படிக்கும்போது திக்கினால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்து அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடு. கதை நின்றுபோகக் கூடாது.

சின்னவன் புத்தகத்தைக் கடிக்கிறான் என்றாய். கடிக்கட்டும், கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடு. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னால் சலிக்காமல் படி. அந்த வயதில் சொற்கள் அப்படித்தான் தங்கும். அவனிடமும் கேள்வி கேட்கலாம். 1988-இல் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் இருந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு, பிள்ளையைப் பேசவைத்துப் படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் தாமாகச் சொல்லும் சொற்களும் வாக்கியங்களும் மற்ற பிள்ளைகளைவிடக் கூடியிருந்தன.

பெரியவள் படக்கதையும் டைனோசர் புத்தகமுமாகவே எடுக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாய். எடுக்கட்டுமே! நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. ஏழு வயதுக்காரியும் வாசகர்தான். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வை.

மாப்பிள்ளையிடமும் சொல். அவர் போனில் படிப்பது பிள்ளைகளுக்குப் போன் பார்ப்பதாகத்தான் தெரியும். கையில் புத்தகம் இருந்தால்தான் அப்பா படிக்கிறார் என்று புரியும்.

இன்னொன்று. வகுப்பில் மற்றவர்கள் வேகம் பிடித்த பிறகும் அவள் வெகுநாள் தடுமாறினால், சோம்பல் என்று மட்டும் நினைத்துவிடாதே. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அதில் குறை இல்லையென்றால் டிஸ்லெக்ஸியா, அதாவது புத்தி நன்றாக இருந்தும் எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம், இருக்கிறதா என்று அது தெரிந்தவரிடம் காட்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றி நன்றாகவே உதவலாம்.

அடுத்த முறை பேசும்போது, பெரியவள் இப்போதெல்லாம் எதைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கிறாள் என்று சொல். அதற்கேற்றபடி இரண்டு மூன்று புத்தகம் பார்த்து அனுப்புகிறேன். உரக்கப் படிக்க நன்றாக இருக்கும் நீளக் கதை ஒன்றும் சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா