இரண்டாம் வகுப்பு வரை வீட்டுக்கு நோட்டு அனுப்பாதீர்கள்

வடசென்னையில் நர்சரி, தொடக்கப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பெரியவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவன் எல்.கே.ஜி. வீட்டுக்காரர் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். நான் எம்.சி.ரோடு கடைகளிலிருந்து சேலை வாங்கிவந்து வீட்டிலேயே ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். எழுத வேண்டியது எதுவானாலும் வகுப்பிலேயே எழுதட்டும், நோட்டுகள் வகுப்பிலேயே இருக்கட்டும்.

எங்கள் வீட்டுச் சாயங்காலம் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் இதன் அவசரம் உங்களுக்குப் புரியும். மூன்றே முக்காலுக்கு வேன் தெருமுனையில் நிற்கும். சந்துக்குள் வராது. இரண்டு பையையும் நான் வாங்கிக்கொண்டு, சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பெரியவளை முன்னால் நடக்கவிட்டு இரண்டு மாடி ஏற வேண்டும். முகம் கழுவி, பாலும் பன்னும் கொடுத்து முடிப்பதற்குள் நாலரை ஆகிவிடும். அந்த நேரம் பார்த்துச் சின்னவனுக்குக் கண் சொக்கும். காலையில் ஆறு மணிக்கு எழுந்த பிள்ளை. அப்போது தூங்கவிட்டால் எழுதுவது நின்றுபோகும் என்று, ஈரத்துண்டால் கண்ணைத் துடைத்து உட்கார வைப்பேன்.

டைரியைத் திறந்தால் அவனுக்கு அ, ஆ இரண்டு பக்கம், ஏ முதல் எஃப் வரை ஐந்து முறை, ஒன்று முதல் இருபது வரை மூன்று முறை. பெரியவளுக்கு டிக்டேஷன் சொற்கள் பத்து, ஆஃப்டர் நம்பர், பிஃபோர் நம்பர், ஒரு பக்கம் கர்சிவ், தமிழ்ப் பாடத்துக் கேள்வி பதில். இருவரையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்து நடுவில் நான் ஊசி நூலோடு உட்காருவேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய சேலை இருபது இருபத்தைந்து மடியில் கிடக்கும். அடுப்பில் குக்கர். கீழே அடிபம்பில் தண்ணீர் வருகிறது என்று யாராவது குரல் கொடுத்தால் குடத்தோடு ஓட வேண்டும். திரும்பி வந்தால் சின்னவன் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருப்பான்.

எட்டரைக்கு வீட்டுக்காரர் வருவார். சாதாரண நாளில் இருவரும் தூங்கியிருப்பார்கள். எழுத்து முடியாத நாளில் இருவரும் அழுதுகொண்டிருப்பார்கள். திங்கள் முதல் சனி வரை அப்பாவும் பிள்ளைகளும் பேசிக்கொள்வதே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. காலையில் அவர் கிளம்பும்போது இவர்கள் எழுந்திருப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியவள் பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி எழுதினாள். நான் அழித்துக் கொடுத்தேன். மறுபடியும் அப்படியே எழுதினாள். நான்காவது தடவை ஸ்கேலை எடுத்து முழங்கையில் அடித்தேன். அவள் அழவில்லை. "இன்னொரு தடவை எழுதுறேம்மா, அடிக்காதே" என்றாள். மாமியார் எழுந்து வந்து ஸ்கேலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் முதல் வேறு வழி கண்டுபிடித்தேன். சின்னவன் தூங்கிய பிறகு அவன் நோட்டை எடுத்து, என் இடது கையால் எழுதினேன். கோணல்மாணலாக வரும், பிள்ளை எழுதியதுபோலவே இருக்கும். மறுநாள் அந்தப் பக்கத்துக்கு ஸ்டார் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் மாடியில் மட்டும் என்னைப்போல இடது கையால் எழுதும் அம்மாக்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். நாங்கள் எழுதிய நோட்டைத்தான் நீங்கள் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

அவன் அடிக்கடி "கை வலிக்குதும்மா" என்பான். எழுதச் சோம்பல்பட்டுச் சொல்கிறான் என்றே நினைத்திருந்தேன். வேறொரு காரியமாக அவனை ஒரு குழந்தைகள் மருத்துவரிடம் காட்டப் போனபோது இதையும் சொன்னேன். அவர் அவன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி விளக்கினார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்க வேண்டும். பிறக்கும்போது அவற்றில் ஒன்றுகூட எலும்பாக இறுகியிருக்காது, எல்லாமே குருத்தெலும்புதான். ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இறுகிக்கொண்டு வரும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஒன்பது பத்து வயதாகும். மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளை பென்சிலை மூன்று விரலில் பிடிக்காமல் முஷ்டியால் இறுக்கிப் பிடிப்பதைத் திமிர் என்று நினைக்காதீர்கள் என்றார். அந்த விரல்களுக்கு முதலில் வேண்டியது மாவு பிசைவது, மண்ணைக் குழைப்பது, கடலை உரிப்பது, மணி கோப்பது. கோடு போடுவது அதற்குப் பிறகு தானாக வரும்.

இதைக் கேட்டபோது எங்கள் தெருவே கண்முன் வந்தது. வடசென்னையில் விரலுக்கு வேலை கொடுக்கத் தெரியாதவர்கள் உண்டா? சாயங்காலம் ஆனால் வாசலில் கேரம் போர்டு போட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு ஆடிய ஊர் இது. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்ஸ் போய் உலகப் பட்டம் வாங்கி வந்தார். 2024-இல் புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அந்தக் குறிபார்க்கும் விரல்கள் தெருவிலும் வாசலிலும் பழகியவை. என் பிள்ளைகளின் தெருவில் இன்றைக்கும் போர்டு இருக்கிறது. ஐந்து மணிக்கு அதைச் சுற்றி நிற்கப் பிள்ளைகள்தான் இல்லை. பாதிப் பேர் வீட்டில் எழுதுகிறார்கள், பாதிப் பேர் டியூஷனில் எழுதுகிறார்கள்.

டியூஷன் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் சந்தில் மூன்று வீடுகளில் டியூஷன் நடக்கிறது. காலேஜ் போகும் பெண்கள்தான் எடுக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத வீடு, வேறு என்ன செய்வார்கள்? பள்ளிக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, பள்ளி கொடுத்த வேலையை முடிக்க இன்னொரு இடத்தில் ஃபீஸ் கட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் நான்கு வயதுப் பிள்ளை சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிறது. அவ்வளவு நேரம் அதன் அப்பாகூட யார்டில் உட்கார்ந்திருப்பதில்லை, நடுவில் டீ குடிக்க எழுந்து போவார்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் குறைந்தது மூன்று மணி நேர ஓடியாடலும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டு மணிக்காவது படுத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். ஓடியாட மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? சாயங்காலத்தைவிட்டால் எங்களிடம் வேறு நேரம் கிடையாது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டின் கடைசியில் மத்திய அரசும் இதையே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அந்த இரண்டு வகுப்புகளுக்கும் மொழிப்பாடமும் கணக்கும் போதும், புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். தீர்ப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே பெரியவளின் பையைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 4 கிலோ 300 கிராம். அவளே 18 கிலோதான் இருக்கிறாள். கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, பேப்பர் போட வந்தியா, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறியா?" என்றார். நோட்டுகள் வகுப்பிலேயே இருந்தால் இந்தச் சுமையில் முக்கால்வாசி அன்றே இறங்கிவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசினால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "நாங்க என்ன பண்றது, பேரன்ட்ஸ்தான் கேக்கறாங்க." அது பொய்யில்லை. சின்னவனைச் சேர்த்த புதிதில் நானே வகுப்பு மிஸ்ஸிடம் போய், "நோட்டுல ஒண்ணும் எழுதலையே மிஸ்" என்று கேட்டவள்தான். ஏன் கேட்டேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். வீட்டுக்காரர் எட்டாவது. ஃபீஸுக்காக நகையை அடகு வைக்கிறோம். பிள்ளை என்ன படிக்கிறது என்று எங்களால் சோதித்துப் பார்க்க முடியாது. எங்களால் பார்க்க முடிந்தது நிரம்பிய நோட்டு ஒன்றுதான். பக்கம் நிரம்பியிருந்தால் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று மனசு ஆறும். பக்கத்துப் பள்ளியில் யு.கே.ஜி.யிலேயே வாக்கியம் எழுதவைக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கும். இந்தப் பயம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களும் நீங்கள்தான். பிள்ளை வளர்ப்பில் எதைச் சொன்னாலும் புரியாதவர்கள் என்று எங்களை நினைக்காதீர்கள். உட்கார வைத்து எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

எழுதாமல் எப்படிப் பிள்ளை கற்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளை அவள் அப்பா மீன் வாங்கக் காசிமேட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரு கூறில் ஏழு சங்கரா. அவளே எண்ணிப் பார்த்து, "ரெண்டு கூறு எடுத்தா பதினாலுப்பா. நாம அஞ்சு பேரு. ஆளுக்கு ரெண்டு போட்டாலும் நாலு மீதியாவும், நாளைக்கு வச்சுக்கலாம்" என்றிருக்கிறாள். மீன்காரம்மா சிரித்துக்கொண்டு ஒரு மீன் கூடவே போட்டுக் கொடுத்தாராம். இரண்டு நாளைக்கு முன்னால் பிஃபோர் நம்பரில் பத்துக்கு மூன்று வாங்கி, டைரியில் சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று எழுதி வந்ததும் இதே பெண்தான். வீட்டுக்கு வந்து காரப்பொடி, நெத்திலி, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் என்று மீன் பெயர் அத்தனையையும் ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம், ஒப்பித்தாள். ஆயா ஒவ்வொன்றுக்கும் ஒரு குழம்புப் பக்குவம் சொன்னார். ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது ஏதோ வெளிநாட்டுப் பள்ளியின் பாணி என்று தள்ளிவிடாதீர்கள். 2003-இல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல்தான் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, அட்டைகளை வைத்துக்கொண்டு, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வைத்து, அவரவர் வேகத்தில் கற்றார்கள். பிறகுதான் அது மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். என் நாத்தனார் மகன் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பாட்டும் பொம்மையுமாகத்தான் பாடம். காலையில் அங்கேயே சாப்பாடு. சாயங்காலம் வந்ததும் பையை மாட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுகிறான். தமிழ்ப் புத்தகத்தை என் மகளைவிடத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான்.

உங்கள் ஆசிரியர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு நான்கு நோட்டு என்றால் தினமும் 160 நோட்டு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் தயிர்சாதமும் மறு கையால் சிவப்புப் பேனாவுமாக எங்கள் மிஸ் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கும் வீட்டில் மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

நோட்டுக்குப் பதிலாக ஏதாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், வாரத்துக்கு ஒரு கதைப் புத்தகம் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத வீட்டில் படத்தைப் பார்த்தே கதை சொல்லிக்கொள்வோம். இல்லாவிட்டால் டைரியில் ஒரே வரி எழுதுங்கள்: ஆயாவிடம் ஒரு கதை கேட்டு வா, வீட்டில் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று எண்ணி வா. அதை என் மாமியாரே செய்துவிடுவார். கையெழுத்துப் போடத் தெரியாத அவருக்கு இதுவரை பேரப்பிள்ளைகளின் படிப்பில் ஒரு இடமும் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு முதல் கூட்டத்திலேயே இதை அறிவித்துவிடுங்கள். பக்கத்துப் பள்ளிகளோடும் பேசி எல்லோரும் ஒரே நாளில் அறிவித்தால், 'அங்கே எழுதவைக்கிறார்கள், இங்கே இல்லை' என்ற பேச்சுக்கும் இடம் இருக்காது. கூட்டத்தில் யாராவது எழுந்து எதிர்த்துப் பேசினால், பதில் சொல்ல நான் வருகிறேன். ஸ்கேல் கதையையும் இடது கை கதையையும் என் வாயாலேயே சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் சேலைகளைக் கடையில் கொடுத்துவிட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
தண்டையார்பேட்டை